காணாக்குயில் சீனியம்மாள் சரித்திரம்

சீனியம்மாள்: வாசிய்யா புலவரே. நீ எழுதுனதுதான? கடைத்தெருவே கேக்கட்டும், சத்தமா வாசி!

முத்துக்கருப்பன்: அது வந்தும்மா... "காணாக்குயில் சீனியம்மாள் சரித்திரம்."

சீனியம்மாள்: என்ன குயிலு?

முத்துக்கருப்பன்: கானக்குயில்தான். அச்சுக் கோக்குறவன் எழுத்தை மாத்திப் போட்டுட்டான்.

சீனியம்மாள்: அந்த எழுத்துல நான் காணாமப் போயிட்டேன். நாடகத்துக்குத் தேதி வாங்க வந்தவன் வாசல்ல நின்னுக்கிட்டு, "அம்மாவைக் காணோமாம்ல, எப்பருந்து?"ன்னு என்கிட்டயே கேக்குறான்.

முத்துக்கருப்பன்: அடுத்த பதிப்புல...

சீனியம்மாள்: இரு. இந்த அட்டையில இருக்கிறவ யாரு?

முத்துக்கருப்பன்: நீங்கதான்.

சீனியம்மாள்: நானா? நான் எதுக்கு நெத்தியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்?

முத்துக்கருப்பன்: அது... தலைவலித் தைல வெளம்பரத்துக்குச் செஞ்ச அச்சு பிளாக்கும்மா. சுலைமான் ராவுத்தரு, கடை முதலாளி, "பொம்பளைப் படம்தான, போடு"ன்னுட்டாரு. தைலப் புட்டியை மட்டும் செதுக்கி எடுத்துட்டோம்.

சீனியம்மாள்: புட்டியை எடுத்தீக, கையை விட்டுட்டீக!

முத்துக்கருப்பன்: பாட்டுல உருகி நிக்கிறீகன்னு சனங்க நெனைச்சுக்கும்.

சீனியம்மாள்: என் பாட்டைக் கேட்டா தலைவலின்னு நெனைச்சுக்கும். எங்க உங்க ராவுத்தரு?

முத்துக்கருப்பன்: தொழுகைக்குப் போயிருக்காரு. நீங்க வாரது தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் நீட்டித் தொழுவாரு.

நல்லகாமன்: ஏன் தாயி... இதுல இருக்கது அம்புட்டும் பொய்யா?

சீனியம்மாள்: யாருய்யா அது குறுக்கால... ஐயய்யோ! சம்பந்தியா! மூலையில நிக்கிறீக, நான் கவனிக்கலையே. பேரையூருலருந்து எப்ப வந்தீக?

நல்லகாமன்: காலையில. முகூர்த்தப் புடவை எடுக்கணும்ல. அப்படியே இந்தப் புஸ்தகம் போட்ட கடையையும் பாத்துட்டுப் போவோம்னு...

சீனியம்மாள்: கேட்டியாய்யா புலவரே? எங்க அன்னக்கொடியைக் கட்டிக்கப் போற மாப்ளையோட அய்யா இவுக. இவுக முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட. சம்பந்தி, நீங்களுமா இதைப் படிச்சீக?

நல்லகாமன்: எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஊர் மந்தைத் திடல்ல உக்காந்து ஒருத்தன் வாசிச்சான், அம்புட்டுப் பேரும் கேட்டோம். புலிக்கிட்ட வாரப்ப நானே எந்திரிச்சு நின்னுட்டேன்.

சீனியம்மாள்: புலியா?

நல்லகாமன்: அழகர்மலையில நீங்க பாட, ஒரு புலி வந்து உங்க காலடியில படுத்துச்சுன்னு...

சீனியம்மாள்: அழகர்மலையில நான் கண்டது குரங்குதான் சம்பந்தி. அதுவும் பாட்டுக் கேக்க வரலை. அருச்சனைத் தேங்காயைப் புடுங்கிட்டு ஓடிப்போச்சு.

முத்துக்கருப்பன்: குரங்குன்னு எழுதுனா கௌரவமா இருக்காதும்மா.

சீனியம்மாள்: தெனமும் பால்ல தங்க பஸ்பம் கரைச்சுக் குடிக்கிறேன்னு எழுதியிருக்கியே, அது கௌரவமா? போன வாரம் எவனோ வீட்டுப் பின்சுவத்துல கன்னம் வச்சுட்டான். உள்ள வந்து பாத்து, ஒண்ணும் இல்லைன்னதும் பால் சட்டியைத் தூக்கிட்டுப் போயிருக்கான்.

நல்லகாமன்: அப்ப அந்த ஜமீந்தாரு? உங்க மேல ஆசைப்பட்டுக் கெணத்துல குதிச்சாராமே?

சீனியம்மாள்: எந்த ஜமீனு? எனக்கே தெரியலை. சொல்லுய்யா, எந்த ஜமீனு?

முத்துக்கருப்பன்: பேரு போட்டா கேஸ் வந்துரும்.

சீனியம்மாள்: கெணத்துப் பேரையாவது போட்டிருக்கலாம்ல?

முத்துக்கருப்பன்: நீங்க கோவப்படுறீக. ஆனா வெளியில போயிப் பாருங்க. திருப்பரங்குன்றம் தேருக்குக் கட்டுக்கட்டா வித்துச்சு. அஞ்சாறு கிராமபோன் பிளேட்டுப் பாடியும் உங்களை யாருன்னு தெரியாத ஊருல எல்லாம் இப்பத் தெரியுது.

சீனியம்மாள்: புலிக்காரின்னு தெரியுது!

நல்லகாமன்: சரி தாயி... கோவிச்சுக்கிறாம இருந்தா ஒண்ணு கேக்கலாமா?

சீனியம்மாள்: கேளுங்க சம்பந்தி.

நல்லகாமன்: அந்த ரங்கோன் சங்கதி... அன்னக்கொடி உங்க அண்ணன் மகதான்னு எங்ககிட்டச் சொன்னீக. நாங்க ஒண்ணும் கேக்கலை. ஆனா ஊருல சில பேரு... நாடகக்காரி வீட்டுல வளந்த பொண்ணு, அண்ணனை எவன் கண்டான், அண்ணியை எவன் கண்டான்னு... வாய்தான, என்னத்தையாச்சும் பேசும்.

முத்துக்கருப்பன்: அதை நான் ரொம்ப உருக்கமா எழுதியிருக்கேங்க. இந்தா, இந்தப் பக்கம். "அந்தோ! சங்கிலி என்னும் அண்ணனும் அவன் பத்தினியும் ரங்கோன் மாநகரிலே கொள்ளை நோய்க்கு இரையாகி ஒருவர் பின் ஒருவராய் ஒரே சமயத்தில் மாண்டார்கள். தொட்டிலில் கிடந்த பச்சிளங் குழவியோ, என் அத்தை எங்கே என்று அழுதபடி வினவிற்று..."

நல்லகாமன்: தொட்டில் பிள்ளை எப்படிங்க கேட்டுச்சு?

முத்துக்கருப்பன்: அது... கற்பனை அலங்காரம்.

சீனியம்மாள்: நிப்பாட்டுய்யா! ஏய்யா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? புலியை எழுது, பஸ்பத்தை எழுது, ஜமீனைக் கெணத்துல தள்ளு. நான் நாடகக்காரி, என்னைய என்ன வேணா எழுதிட்டுப் போ. செத்தவங்களை எதுக்குய்யா இழுத்த? எங்கண்ணன் முகத்தைக் கடைசியா நான் எப்பப் பாத்தேன்னு உனக்குத் தெரியுமா? அதைப் போயித் தேர்க்கடையில வச்சு...

நல்லகாமன்: அழுகாதீக தாயி. அப்ப... அது மட்டும் நெசம்?

சீனியம்மாள்: அதுலயும் உருப்படியா எழுதலையே சம்பந்தி! பிள்ளை வந்த கப்பல் நாகப்பட்டினத்துல நின்னுச்சு. நான்தான் போயி வாங்கிட்டு வந்தேன். இவன் தூத்துக்குடின்னு எழுதி வச்சிருக்கான்.

முத்துக்கருப்பன்: தூத்துக்குடி நமக்குப் பக்கம்னு நெனைச்சேன்...

நல்லகாமன்: நாகப்பட்டினம். சரி. அம்புட்டுத்தான் தாயி, மனசு நெறைஞ்சு போச்சு. நான் கேட்டதைத் தப்பா எடுத்துக்கிறாதீக. புடவைக் கடையில ஆளு காத்துக்கிட்டு இருக்கு, போயிட்டு வாரேன்.

சீனியம்மாள்: நல்லபடியாப் போயிட்டு வாங்க சம்பந்தி. படி வழுக்கும், பாத்து.

முத்துக்கருப்பன்: இருங்க... படி எறங்கிட்டாரு. பூக்கடையைத் தாண்டிட்டாரு.

சீனியம்மாள்: திரும்பிப் பாக்குறாரா?

முத்துக்கருப்பன்: இல்ல. நம்பிட்டாரும்மா. அந்த நாகப்பட்டினம் இருக்கே... அதை நான் சொல்லித் தரவே இல்லையே! பொய்க்குள்ள ஒரு தப்பைக் கண்டுபுடிச்சு அதைத் திருத்துனீக பாருங்க, அங்கதான் மனுசன் விழுந்தாரு.

சீனியம்மாள்: மெதுவாப் பேசு. கண்ணைத் தொடைக்கத் துணி இருக்கா?

முத்துக்கருப்பன்: மையி தொடைச்ச துணிதான் இருக்கு. என்னம்மா, நெசமாவே அழுதீகளா? நடிப்புன்னுல்ல நெனைச்சேன்.

சீனியம்மாள்: நடிப்பாத்தான் ஆரம்பிச்சேன்.

முத்துக்கருப்பன்: திட்டுனதும் கொஞ்சம் அதிகமாத்தான் போச்சு. அவரு புஸ்தகக் கடைப் பக்கம் வாராருன்னு சொல்லி விட்டதே நான். சண்டை போடுற மாதிரி வாங்கன்னா, மானத்தை வாங்கிட்டீக.

சீனியம்மாள்: திட்டுனது நடிப்பில்லய்யா. உன்கிட்ட நான் என்ன கேட்டேன்? சங்கிலி அண்ணனுக்கு ரங்கோன்ல ஒரு பிள்ளை பொறந்துச்சுன்னு அச்சுல வரணும். அம்புட்டுத்தான் கேட்டேன். நீ புலியைக் கூட்டிட்டு வந்து நிக்கிற.

முத்துக்கருப்பன்: அதை மட்டும் எழுதுனா எவன் வாங்குவான்? எதுக்கு இதை அச்சடிச்சாகன்னு மொத ஆளே கேப்பான். சுத்தி அம்புட்டுக் குப்பையைக் கொட்டி, நடுவுல அதை வச்சேன். குப்பைக்குச் சண்டை போடுறீக, அதுக்கு அழுறீக. யாருக்குச் சந்தேகம் வரும்?

சீனியம்மாள்: புலி சரி. தங்க பஸ்பம் எதுக்கு?

முத்துக்கருப்பன்: எழுத எழுத வந்துருச்சும்மா.

சீனியம்மாள்: பால் சட்டி போச்சு எனக்கு.

முத்துக்கருப்பன்: உங்கண்ணன் ரங்கோன் போனது நெசம்தான?

சீனியம்மாள்: போனான், திரும்பலை. அது நெசம். கல்யாணமே கட்டாமப் போனவனுக்கு நீ ஒரு பத்தினியைக் கட்டி வச்சு, அவளையும் கொன்னுட்ட.

முத்துக்கருப்பன்: அன்னக்கொடி அப்பாவை எழுத முடியாதுல்ல.

சீனியம்மாள்: அவரு பேச்சை எடுக்காத.

முத்துக்கருப்பன்: எடுக்கலை... நம்ம நாடகக் கம்பெனியில அவரு ஆர்மோனியத்தைத் தொட்டா, நான் எழுதுன பாட்டு எனக்கே நல்லாருக்கும். அதான் சொல்ல வந்தேன்.

சீனியம்மாள்: தாலிக்குத் தங்கம் வாங்கிட்டு வாரேன்னு திருமங்கலம் போனாரு. காலராவுல போயிட்டாருன்னு ஆளு வந்து சொல்லுறப்ப நான் வேசம் கட்டிக்கிட்டு இருந்தேன். பிள்ளை வயித்துல. அன்னைக்கும் ஆடிட்டுத்தான் எறங்குனேன். எங்க ஆத்தாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஆத்தாளும் போயிட்டா.

முத்துக்கருப்பன்: பொண்ணுக்கு?

சீனியம்மாள்: வெவரம் தெரிஞ்சதும் நானே சொன்னேன். என்னைய ஒண்ணுமே கேக்கலை. வெளியில இருந்து எவனோ கூப்பிட்டான். "அத்தை, ஆளு வந்திருக்கு"ன்னு எந்திரிச்சுப் போச்சு. அதுலருந்து ஒரு தடவை கூட வாய் தவறி ஆத்தான்னு கூப்பிடலை. நான் எம்புட்டு நாளு அடுப்படியில காத்துக்கிட்டு நின்னுருப்பேன் தெரியுமா, தவறாதான்னு...

முத்துக்கருப்பன்: விடுங்கம்மா. இனிமே நல்ல எடத்துல இருக்கப்போகுது. பேரையூருல அம்புட்டுப் பேரும் இந்தப் புஸ்தகத்தைத்தான்... அம்மா! அவரு திரும்பி வாராரு!

சீனியம்மாள்: ஐயோ! எங்க?

முத்துக்கருப்பன்: படிக்கு வந்துட்டாரு... அம்மா, அடுத்த பதிப்புல ஒரு புலி கூட இருக்காது! சத்தியமாச் சொல்லுறேன்!

சீனியம்மாள்: இருந்துச்சு, உன் கையை ஒடிச்சு அடுப்புல வச்சுருவேன்! எழுதுற கையாய்யா அது... அட, சம்பந்தியா?

நல்லகாமன்: இன்னும் சண்டை முடியலையா? புலவரே, இதே புஸ்தகம் இன்னும் கொஞ்சம் கட்டிக் குடுங்க. பங்காளி வீட்டுக்கு ஒவ்வொண்ணு.

சீனியம்மாள்: பொய்யின்னு இம்புட்டுச் சொல்லியுமா?

நல்லகாமன்: அந்த ரங்கோன் பக்கம் இருக்குல்ல, அதுக்குத்தான். நான் ஆயிரம் சொன்னாலும் எங்காளுக கேக்க மாட்டானுக. அச்சுல இருந்தா வாயைத் தொறக்க மாட்டானுக.

முத்துக்கருப்பன்: கொஞ்சம் பொறுங்களேன். நாகப்பட்டினம்னு திருத்தி, புதுசாவே போட்டுத் தாரேன்.

நல்லகாமன்: வேணாம் வேணாம். ஒரு எழுத்தைக் கூடத் தொடாதீக. "தூத்துக்குடின்னு இருக்கது தப்பு, கப்பல் வந்தது நாகப்பட்டினம். அவுக அத்தையே என் முன்னாடி அழுதுக்கிட்டுச் சொல்லுச்சு"ன்னு நான் எடுத்து விடுவேன். எப்படி, பொருத்தமாச் சொல்லுறேனா?

சீனியம்மாள்: என்ன சம்பந்தி... பாடம் ஒப்பிக்கிற மாதிரிக் கேக்குறீக?

நல்லகாமன்: ஊருல நிமிந்து நின்னு சொல்லணும்ல. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல, பாதியில திக்கிருவேன். அதான் உங்க வாயால ஒரு தடவை கேட்டுக்கிட்டுப் போவோம்னு வந்தேன்.

முத்துக்கருப்பன்: புரியலைங்களே... நீங்க இதை நம்பலையா?

நல்லகாமன்: ஊரு நம்புனாப் போதும் புலவரே, நான் எதுக்கு? தாயி... பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே, உங்க அடுப்படியில வச்சு என் வீட்டுக்காரி கையைப் புடிச்சுக்கிட்டு அன்னக்கொடி சொல்லிருச்சு. "என்னைய வளத்தது ஊருக்குத்தான் அத்தை, எனக்கு அது பெத்த ஆத்தா. அதைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன், சம்மதமா?"ன்னு.