வெள்ளம் என்ற சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு

எங்கள் கீழக்கரையில் குழம்பை ஆணம் என்போம். திருச்சிக்காரர்களுக்கு அது புரியாது. கன்னியாகுமரிக் கரையோரத்தில் குடிக்கிற தண்ணீரையே வெள்ளம் என்பார்கள். கேட்கிற வெளியூர்க்காரர் ஆறு உடைத்துக்கொண்டதோ என்று முழிப்பார். எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஒருவர் ரெண்டு வாக்கியம் பேசினால் எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற மொழிபெயர்ப்பாளர் தம்பி பாலக்காட்டுப் பக்கம். சரிதானே, தம்பி?

பெயர் செய்கு முகம்மது. குவைத்துக்கு வந்து பதினெட்டு வருடம், அதில் பதினோரு வருடம் ஃபஹாஹீலில் இந்தத் தடுப்பூசி நிலையத்தில். நிலையம் என்றால் மூன்று போர்ட்டா கேபின்கள், எட்டு நர்ஸுகள். விசா வேலை, டைப்பிங், மொழிபெயர்ப்பு எல்லாம் நான்தான். போன வருடம் தலைமை அலுவலகம் ஒரு புகார்ப் பெட்டியை அனுப்பியது. வேலையிடத்தில் தப்பு நடந்தால் யாரும் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம், எந்த மொழியும் சரி. பெட்டியின் மேல் ‘பயப்படாமல் எழுதுங்கள்’ என்று தமிழில் எழுதியது என் கை. சாவியும் என்னிடம்தான். வருகிற கடிதத்தை ஆங்கிலத்தில் மாற்றி மேலாளர் ஹஸ்னைன் சாரிடம் கொடுக்க வேண்டும். கையெழுத்து அடையாளம் தெரிந்துவிடாமலிருக்க மூலக் கடிதத்தைக் கிழித்துவிட வேண்டும். அது விதி. அந்த விதியை நான் ஒரு தடவைகூட மீறியதில்லை.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்களாம். பேசட்டும். நிலையத்தைப் பற்றிய புகார் நிலைய மேலாளரிடமே போகும்படி ஏற்பாடு செய்தது நானா? அதைச் செய்தவர்களை நீங்கள் விசாரணைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு, எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த 2009 நோன்புப் பெருநாள் விடுமுறை ஐந்து நாள். அது முடிந்த அடுத்த வாரம் பெட்டியில் ஒரு காகிதம் கிடந்தது. தமிழ்தான், ஆறே வரி. பெருநாள் விடுமுறையில் மருந்து ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. சார்ட்டில் தினமும் நான்கு டிகிரி என்று எழுதியிருப்பது உண்மையில்லை. குப்பிகளில் உள்ள சதுரம் எல்லாம் கறுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு இப்போது போடுவது மருந்து இல்லை, வெறும் வெள்ளம். தயவுசெய்து எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.

சதுரம் என்பது குப்பியின் லேபிளில் இருக்கும் சின்ன அடையாளம். சூடு பட்டால் கறுக்கும். கறுத்த குப்பியைப் போடக்கூடாது. நர்ஸுகளுக்கு அது பாடம். ஆனால் வாசலில் முப்பது பிள்ளைகள் அழும்போது அதைக் குனிந்து பார்க்கிறவர் எங்கள் நிலையத்தில் ஒருவர்தான் இருந்தார்.

நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். வெள்ளம் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன். தண்ணீர் என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் மொழிபெயர்ப்பு என்றால் நாணயம் வேண்டும். மூலச் சொல்லை அப்படியே வைத்து, கீழே ஓர் அடிக்குறிப்பு எழுதினேன்: ‘வெள்ளம் என்றால் தண்ணீர், கன்னியாகுமரிக் கரையோர வழக்கு.’ பிறகு கடிதத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்தேன்.

ஹஸ்னைன் சார் படித்தார். ஆத்திரப்பட்டார். இருப்பு முழுவதையும் கொட்டினால் மேலிடத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். “கோன் ஹை, செய்கு?” என்றார், யார் இது என்று. பெயர் கேட்கக் கூடாது சார், விதி இருக்கிறது என்றேன். அப்படித்தான் சொன்னேன், நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன். அவர் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். நர்ஸுகளின் ஃபைலைக் கொண்டுவா என்றார். கொண்டுவந்தேன். அது என் வேலை. எட்டுப் பேரில் தமிழ் எழுதுகிறவர் ரெண்டு பேர். நாகவள்ளி திருச்சி. தேவகனி குளச்சல், கன்னியாகுமரிக் கரை.

தேவகனிக்கு நாலு நாளில் விசா கேன்சல். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று பொய்யாக மொட்டைக் கடுதாசி போட்டாள் என்று காரணம் எழுதினார்கள். டைப் செய்தது நான், ஒரு பிழை இருக்காது. ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போய் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்ததும் நான்தான். ரெண்டு வருடம் என்னை அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட பெண். அன்றைக்கு அழவில்லை. குழம்பிப்போய் நின்றாள்.

“நான் பேரு எளுதல்லியே, அண்ணே. எப்பிடித் தெரிஞ்சுது?”

“எனக்கென்ன தெரியும், சிஸ்டர்.”

“போட்டும். அந்தக் குப்பியள மட்டும் பிள்ளையளுக்குப் போடாம பாத்துக்கிடுங்க. ஒங்கள நம்பித்தான் போறேன்.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும், விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

அந்தக் குப்பிகள் தீர இன்னும் மூன்று வாரம் ஆனது. இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் இருக்கும். உஸைர் என்று எங்கள் கட்டிடத்துக்குக் கீழே பக்காலா, அதாவது மளிகைக் கடை, வைத்திருக்கிறார், எங்கள் ஊர்க்காரர். அவர் மகள் இஃப்பத், பதிமூன்று மாதம். வரிசையில் நிற்கவிடாமல் நானே முன்னால் கூட்டிப்போய் ஊசி போடவைத்தேன். ஊர்க்காரருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? நவம்பரில் பிள்ளைக்குத் தட்டம்மை கண்டது. நெஞ்சில் சளி கட்டி ஒன்பதாம் நாள் மவுத்தானது. ஜனாஸாத் தொழுகையில் முன்வரிசையில் நின்றேன். தூக்கியபோது கனமே தெரியவில்லை, அவ்வளவு சின்னப் பிள்ளை. உஸைர் இன்றைக்கும் எனக்கென்று டீத்தூள் பாக்கெட் தனியாக எடுத்துவைக்கிறார்.

சதுரம் கறுத்தது தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நிறுத்தினால் ஃப்ரிட்ஜ் எப்படி அணைந்தது என்று கேட்பார்கள். தேவகனி எழுதியது பொய்யில்லை. அந்தக் கேபினில் இருப்பது ஒரே ஒரு பிளக். விடுமுறைக்கு முந்தின நாள் என் மொபைலில் சார்ஜ் இல்லை. என் மனைவி அஸ்மத் பீவி பெருநாள் துணி விஷயமாகக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் செருகினேன். கிளம்பும்போது மொபைலை எடுத்தேன், வயரை மறந்தேன். மறதி மனுஷனுக்கு வருவதுதானே. விடுமுறையில் தினமும் வந்து சார்ட் எழுதும் டியூட்டியும் எனக்குத்தான். வரவில்லை. ஆறாம் நாள் வந்து, வயரைச் செருகிவிட்டு, ஐந்து கட்டத்திலும் நான்கு நான்கு என்று எழுதினேன். மத்தியானம் எட்டிப் பார்த்தேன், உண்மையாகவே நான்கில்தான் நின்றது. முழுப் பொய் என்று அதை எப்படிச் சொல்வீர்கள்?

ஆகவே ஆமாம். ஃப்ரிட்ஜை அணைத்தது நான், சார்ட் எழுதியது நான், அடிக்குறிப்புப் போட்டதும் நான். போடும்போது ஹஸ்னைன் சார் ஃபைல் கேட்பார் என்று தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நிலையத்தில் இன்னொருவர் விதியை இவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றியிருந்தால் காட்டுங்கள்.

தம்பி விரல்விட்டு எண்ணியதை அப்போதே பார்த்தேன். கடிதம் ஆறு வரி என்றேன், சொன்னது ஐந்து. ஆறாவதும் எனக்கு மனப்பாடம். ‘லீவில் வந்து பார்க்காதவர் யாரென்று எனக்குத் தெரியும், அவரைத் தேட வேண்டாம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர், மறந்திருப்பார்.’ அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. புகாரை மொழிபெயர்க்கத்தான் எனக்கு உத்தரவு. அந்த வரியில் புகார் ஒன்றும் இல்லையே.