குடாவின் காளை

ஹில்டூர்: மெதுவாப் பேசு! அப்பா முன்னாடிதான் நிக்கறார்.

கோல்பெய்ன்: இந்த எஞ்சின் சத்தத்துல அவருக்கு எங்க கேக்கப் போகுது?

ஹில்டூர்: அவருக்கா? கரையில எவனாவது கேக் வெட்டினாக்கூட இங்கேருந்து கேட்டுடும். சொல்லு, காலையில நல்லாப் பார்த்தியா?

கோல்பெய்ன்: பார்த்தேன்.

ஹில்டூர்: அதே வால்தானா?

கோல்பெய்ன்: இடது பக்கம் வெள்ளை, நடுவுல கொக்கி மாதிரி கறுப்புக் கோடு. இந்தக் குடாவுல வேற எந்தத் திமிங்கிலத்துக்கு அப்படி இருக்கு? உங்கப்பா தன் பேரையே வச்சாரே, அதேதான். சாட்சாத் ஆர்ன்கிரிமுர்.

ஹில்டூர்: பக்கத்துல இருந்தது...

கோல்பெய்ன்: குட்டி.

ஹில்டூர்: வேற யாரோட குட்டியாவது வழி தப்பி...

கோல்பெய்ன்: வழி தப்பின குட்டி மடியில முட்டி முட்டிப் பால் குடிக்குமா? போதாததுக்கு உங்கப்பா மல்லாக்கப் படுத்து வேற காட்டிட்டார்.

ஹில்டூர்: எங்கப்பான்னு சொல்லாதே! திமிங்கிலம்னு சொல்லு!

கோல்பெய்ன்: சரி, திமிங்கிலம். அது பொம்பளை, ஹில்டூர். வாலைப் பார்த்தா எந்தத் திமிங்கிலம்னு சொல்லலாம். ஆணா பெண்ணான்னு வாலா சொல்லும்? இத்தனை வருஷமா நாமளாத்தான் ஆம்பளைன்னு நினைச்சுக்கிட்டோம்.

ஹில்டூர்: கடவுளே... நாளைக்கு அந்தப் பலகையைத் திறக்கணும்.

கோல்பெய்ன்: எந்தப் பலகை?

ஹில்டூர்: அப்பாவோட எழுபத்தஞ்சாவது பிறந்தநாளுக்கு ஊர்ப் பொது வெந்நீர்த் தொட்டியில தினமும் அவரோட உட்கார்ந்து அரட்டை அடிக்கற கூட்டாளிங்க செஞ்சது. துறைமுக வாசல்லயே நட்டாச்சு. பெரிசா வால் வரைஞ்சு, கீழ கொட்டை எழுத்துல 'ஆர்ன்கிரிமுர், நம் குடாவின் காளை'ன்னு...

கோல்பெய்ன்: காளையா! ஹா ஹா... ஐயோ...

ஹில்டூர்: சிரிச்சே, தள்ளி விட்டுடுவேன்.

ஆர்ன்கிரிமுர்: என்னம்மா அங்க குசுகுசுன்னு? நான் எங்க?

ஹில்டூர்: படகு முனையிலதானேப்பா நிக்கறீங்க!

ஆர்ன்கிரிமுர்: இந்த நான் இல்லம்மா. தண்ணிக்குள்ள இருக்கற நான்!

ஹில்டூர்: அது... தீவுக்குப் பின்னாடி போயிருக்கும்பா. அந்தப் பக்கம்தான் போறோம்.

ஆர்ன்கிரிமுர்: அங்க என்ன இருக்கு? கடல் பன்றிங்க ரெண்டு 'புஸ்ஸு புஸ்ஸு'ன்னு மூச்சு விட்டுட்டுத் திரியும். கூனிப்பொடி எல்லாம் ஆத்து வாய்ப் பக்கம் கிடக்கு. சோறு இருக்கற இடத்தை விட்டு நான் எங்க போவேன்? அங்க திருப்பு!

ஹில்டூர்: திருப்பறேன், திருப்பறேன்...

ஆர்ன்கிரிமுர்: மாப்பிள்ளை! வாந்தி வந்தா காத்துக்கு எதிரா எடுத்துடாதீங்க. போன தடவை என் தொப்பி போச்சு.

கோல்பெய்ன்: மாத்திரை போட்டிருக்கேன் மாமா! ...பார்த்தியா? நமக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம் ஆச்சு. பாதிரியாரையே 'டா' போடற மனுஷன். என்னை மட்டும் 'வாங்க, போங்க'. நேத்து வந்த விருந்தாளி மாதிரி.

ஹில்டூர்: மரியாதைதான் அது.

கோல்பெய்ன்: மரியாதையா! அந்தக் கோணல் வால் திமிங்கிலத்துக்கு என் பேரை வச்சாரே, அதுவும் மரியாதையா? எகிறினா நேரா விழத் தெரியாது, வயிறு அடிபடத் 'தொப்'புனு விழும். "முதல்ல பார்த்தவன் நான், நான்தான் பேர் வைப்பேன்"னு சண்டை பிடிச்சு என் பேரை வச்சார். ஊரே சிரிச்சுது.

ஹில்டூர்: அந்தப் புலம்பலை அப்புறம் வச்சுக்க. அந்தப் போட்டோவை என்ன பண்ணப் போறே?

கோல்பெய்ன்: வால் படம் சேர்த்துத் திமிங்கிலக் கணக்கு எடுக்கறவங்களுக்கு அனுப்பணும். இன்னிக்கே.

ஹில்டூர்: அனுப்பாதே.

கோல்பெய்ன்: குட்டி போட்ட தாயை மறைக்கச் சொல்றியா? எது எப்போ ஈனுது, மறுபடி எத்தனை வருஷம் கழிச்சு ஈனுது, குட்டி பிழைக்குதா... இதெல்லாம் தெரிஞ்சாதானே கூட்டம் பெருகுதா தேயுதான்னு சொல்ல முடியும்? நம்ம தாத்தாக்கள் கொன்னு தீர்த்தது. இப்பதான் மெல்லத் தலை தூக்குது. ஒவ்வொரு குட்டியும் கணக்கு, ஹில்டூர்.

ஹில்டூர்: எனக்கு எங்கப்பாதான் கணக்கு. அம்மா போனப்புறம் அவர் எப்படி இருந்தார்னு மறந்துட்டியா? ஜன்னல் திரையைக்கூட விலக்காம... இந்தத் திமிங்கிலம் வந்த அன்னிக்குத்தான் திரும்ப பூட்ஸை மாட்டினார். வெந்நீர்த் தொட்டியில உட்கார்ந்து, தானே அந்தத் திமிங்கிலம் மாதிரி "கரீபியன் போயிட்டு வந்துட்டேன்டா, வழியில இளவட்டம் நாலு பேரை விரட்டினேன்டா"ன்னு அளக்கறாரே, அந்த அளப்புலதான் அவர் உயிர் ஓடுது. நாளைக்கு ஊரே கைகொட்டிச் சிரிச்சா திரும்பக் கதவைச் சாத்திக்குவார். எனக்குப் பயமா இருக்கு.

கோல்பெய்ன்: ...அழாதே.

ஹில்டூர்: அழல. காத்து.

கோல்பெய்ன்: சரி. பிறந்தநாள் முடியட்டும், அப்புறம் அனுப்பறேன். இன்னிக்கு மட்டும் அவர் கண்ணுல படாம...

ஆர்ன்கிரிமுர்: அதோ! மூச்சு! வலது பக்கம்!

ஹில்டூர்: எங்கேப்பா? மேகமா இருக்கும்!

ஆர்ன்கிரிமுர்: மேகம் தண்ணிக்குள்ளேருந்தா கிளம்பும்? திருப்புடீ!

ஹில்டூர்: க்ளைனா சுட்டுக் கொண்டாந்திருக்கேன்பா! உள்ள வந்து காபியோட...

ஆர்ன்கிரிமுர்: இந்த வயசுல என்னைப் பலகாரம் காட்டிக் கூப்பிடறியா? ...ரெண்டு குடு. குடுத்துட்டுத் திருப்பு.

கோல்பெய்ன்: மாமா! எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு! கரைக்குப் போயிடலாம்!

ஆர்ன்கிரிமுர்: கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கு, இதுல என்ன வாந்தி? காலையிலேருந்து ரெண்டு பேர் மூஞ்சியும் சரியில்ல. அந்தக் கேமராவைக் குடுங்க மாப்பிள்ளை.

கோல்பெய்ன்: அதுல... பேட்டரி...

ஆர்ன்கிரிமுர்: குடுங்க.

ஹில்டூர்: அப்பா, வேண்டாம்பா...

ஆர்ன்கிரிமுர்: ம்... ம்ம்...

ஹில்டூர்: அப்பா? ஏதாவது பேசுங்கப்பா...

ஆர்ன்கிரிமுர்: நல்லா கொழுகொழுன்னு இருக்கு.

ஹில்டூர்: எது?

ஆர்ன்கிரிமுர்: குட்டிதான். அம்மா கொஞ்சம் இளைச்சிருக்கா. பால் குடுக்கறவ, இளைக்கத்தான் செய்வா.

கோல்பெய்ன்: மாமா... உங்களுக்கு அதிர்ச்சியா இல்லையா?

ஆர்ன்கிரிமுர்: முதல் பிரசவம்னா பதறலாம். இது ரெண்டாவது.

ஹில்டூர்: என்னது!

ஆர்ன்கிரிமுர்: அஞ்சு வருஷம் இருக்கும். உங்க படகெல்லாம் கரை ஏறினப்புறம் நான் தனியா மீனுக்குப் போவேனே, அப்பவே ஒண்ணைக் கூட்டிட்டு வந்தா. ஓர்க்கான்னு அந்தக் கொலைகாரத் திமிங்கிலக் கூட்டம் அதைக் கடிச்சுக் குதறியிருந்துது. வாலுல பல் பதிஞ்ச புண்ணு. பிழைக்காதுன்னுதான் நினைச்சேன். மனசு கேக்கல. தினமும் போய்ப் பார்த்தேன்.

கோல்பெய்ன்: அஞ்சு வருஷமா தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா! கணக்குல ஒரு குட்டி விட்டுப் போச்சே!

ஆர்ன்கிரிமுர்: சொன்னா காளைப் பட்டம் போயிடுமே! அப்புறம் தொட்டியில உட்கார்ந்து என்னத்தைப் பேசறது? கால் ஆணியைப் பத்தியா?

ஹில்டூர்: நான் இங்க காலையிலேருந்து செத்துப் பிழைக்கறேன்... அப்போ நாளைக்கு அந்தப் பலகை?

ஆர்ன்கிரிமுர்: இருக்கட்டும். கீழ ஒரு வரி சேர்த்தாப் போச்சு. 'ரெண்டு பிள்ளைகளின் தாய்.' துணியை விலக்கறப்போ அந்தக் கிழவனுங்க மூஞ்சியை நான் பார்க்கணும்.

கோல்பெய்ன்: மூத்தது பிழைச்சுதா மாமா?

ஆர்ன்கிரிமுர்: பிழைக்காம என்ன? அம்மா காட்டின வழியை மறக்காம வருஷா வருஷம் இந்தக் குடாவுக்குத்தான் வருது. புண்ணு ஆறினாலும் வால் கோணிப் போச்சு. அதான் எகிறினா நேரா விழாது.

ஹில்டூர்: அப்பா... கோணல் வாலா?

கோல்பெய்ன்: ஒரு நிமிஷம். வயிறு அடிபடத் 'தொப்'புனு விழுமே... அதுவா? என்னைக் கிண்டல் பண்ணி என் பேரை வச்சீங்களே, அதுவா?

ஆர்ன்கிரிமுர்: கிண்டலா? அது என் மூத்த பிள்ளைடா. அதுக்கு வேற எவன் பேரை வைக்கச் சொல்றே?