சுறா எண்ணெய் ஊற்றிய கிளட்ச்

பெயர் இருசம்மாள், வயது 34, கணவர் பெயர் வரதன், பசியாவரம், பொன்னேரி தாலுகா, தொழில் மீன் வியாபாரம். 1984ஆம் வருடம் ஆனி மாதம் கால்வாய்ப் பாலத்தில் நடந்த வண்டி விபத்து குறித்து விசாரிக்கச் சொல்வதாவது:

என் கணவர் பழைய மோட்டார் சைக்கிள் இஞ்சின் பூட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். நானும் என் கூடப்பிறந்த தங்கை வேலம்மாவும் பழவேற்காடு படகுத்துறையிலிருந்து அதில்தான் பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோவோம். மீன் தண்ணீர் ஒழுகி ஒழுகி அந்த வண்டியில் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. பாலத்து இறக்கத்தில் கியரைக் குறைத்து, இஞ்சினை வைத்துத்தான் வண்டியை அடக்குவார்.

கிளட்ச் வழுக்கியதால் போன வாரம் மெக்கானிக் அபூபக்கரிடம் வண்டியை விட்டோம். அவர் புதுப் பிளேட்டும் கெட்டி ஸ்பிரிங்கும் போட்டார். "எறக்கத்துல கிளட்ச்ச புடிக்காத வரதா, செகண்ட்ல போட்டு உட்டுடு, இஞ்சினே இஸ்து புடிக்கும்" என்றார். தான் கொடுத்த ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்றும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதன் பிறகு வண்டி இறக்கத்தில் உறுமிக்கொண்டு அடங்கியே போயிற்று.

ஆனால் கிளட்ச் இறுக்கமாக இருக்கிறது, கை கடுக்கிறது என்று என் கணவர் முனகிக்கொண்டே இருந்தார். சம்பவத்தன்று காலை படகுத்துறையில், படகுக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெயைக் கிளட்ச் மூடியைத் திறந்து ஊற்றினார். எங்கள் ஊரில் எது இறுகினாலும் அந்த எண்ணெய்தான், மரமானாலும் முழங்காலானாலும். "இன்னா மாமா, பாய் வேணான்னாரே" என்று வேலம்மா கேட்டாள். "படகுக்கே ஆவுது, இதுக்கு ஆவாதா" என்றார்.

அதன் பிறகு பாலம் ஏறும்போது கிளட்ச் பழையபடி வழுக்கி, இஞ்சின் கத்தியதே தவிர வண்டி ஏறவில்லை. நாங்கள் இருவரும் இறங்கித் தள்ளினோம். உச்சியில் வேலம்மா ஐஸ் பெட்டி மேல் ஏறிக்கொண்டாள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்தங்கினேன். இறக்கத்தில் அவர் கியரைக் குறைத்தது கேட்டது. உறுமல் வரவில்லை. வண்டி தன்பாட்டுக்கு ஓடிக் கீழே புளியமரத்தில் மோதிக் கவிழ்ந்தது. ஐஸ் பெட்டி வேலம்மா மேல் கிடந்தது. நான் போய் அதைத் தள்ளியபோது அவளுக்கு மூச்சு இல்லை. அவள் தலைமயிரில் ஒட்டியிருந்த இறாலை எடுத்துப் போட்டேன்.

மெக்கானிக் போட்ட பிளேட் மட்டமானது என்று என் கணவர் ஆஸ்பத்திரியில் சொன்னதால் அபூபக்கரை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கால் முறிந்து படுத்திருக்கும் என் கணவர், "போனவ போய்ட்டா, நான் உசுரோட கீறேன், என்ன பாரு இருசு" என்று என் கையைப் பிடித்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவரை வெறுக்க என்னால் முடியவில்லை. அவருக்காகப் பேச ஊரே இருக்கிறது. வேலம்மாவுக்கு நான் ஒருத்திதான்.

மீதி எண்ணெய் இருக்கும் டின்னைக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். என் கணவர் அன்று குடிக்கவில்லை, அதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. இதற்குப் பின் நான் எந்த வீட்டுக்குப் போவது என்று கேட்டேன். அது எழுதத் தேவையில்லை என்றார்கள்.

இருசம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை