ஏழு வாக்கு வட்டாரம்

என்னுடைய வான் வண்டியில் ஹீட்டர் மிக நன்றாக வேலைசெய்யும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெப்ரவரிக் குளிரிலும் ஏறிய ஐந்தாவது நிமிஷத்தில் ஆட்கள் ஜக்கெற்றைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை விநாயகமூர்த்தி அண்ணையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார். குளிரில் ஒருவரை வருத்தினேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

தமிழிலேயே எழுதலாம் என்று பொலிஸ் அதிகாரி சொல்லியிருக்கிறார். எழுதியதை மொழிபெயர்ப்பாளர் தனுஷிகா ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுப்பாராம். நல்ல பிள்ளை, கேளாமலே கோப்பி கொண்டுவந்து வைத்தது. என் பெயர் பத்மநாதன். வயது ஐம்பத்துநான்கு. ஊரில் சரித்திரம் படிப்பித்தேன். இங்கே யன்னல் செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி துடைக்கிறேன். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் உள்ளுக்குள் சிரிப்புப் பொங்குகிறது, அப்படி ஒரு சந்தோஷமான நாள்.

விஷயம் ஒரு புத்தகத்தில் தொடங்குகிறது. 1993இல் நூலகம் ஒன்று தனக்கு வேண்டாத புத்தகங்களை வாசலில் பெட்டியில் போட்டு, எடுக்கிறவர்கள் எடுங்கள் என்று எழுதி வைத்திருந்தது. அதில் ஒன்று அயர்லாந்தின் ஒரு சின்னப் பட்டினம் பாராளுமன்றத்துக்கு யார் யாரை அனுப்பியது என்ற வரலாறு. பட்டினத்தின் பெயரை எழுத மாட்டேன். தொழிற்சாலையில் ஓர் ஐரிஷ்காரரிடம் நான் அதை உச்சரித்துக் காட்டியபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தப் பட்டினத்துக்கு இரண்டு உறுப்பினர்கள். வாக்காளர்கள் எத்தனை பேர் தெரியுமா, பதின்மூன்று. வீடெல்லாம் இடிந்து தெருவில் செம்மறியாடு மேயத் தொடங்கிய பிறகும் அந்தப் பதின்மூன்று பேரும் டப்ளினிலிருந்து வண்டி பிடித்து வந்து, வாக்களித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பக்கம் பக்கமாக அட்டவணை. ஆண்டு, உறுப்பினர் பெயர், பக்கத்தில் ஒரே சொல்: போட்டியின்றி. நான் பஸ்சில் இருந்து வாசித்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டு எட்டுத் தரிப்புத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏன் இந்தப் புளுகம், ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று கேட்பீர்கள். எங்கள் நாலாம் வட்டாரமும் அப்படித்தான். 1990இல் சண்டையில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. வட்டாரம் அதியுயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அங்கே இப்போது இருப்பது ஆமியும் கட்டாக்காலி மாடுகளும். ஆனால் ரொறன்ரோவில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஏழு வட்டாரம், வட்டாரத்துக்கு ஒரு நிர்வாக உறுப்பினர். அந்தந்த வட்டாரத்தில் பிறந்தவர்கள்தான் அதற்கு வாக்களிக்கலாம். நாலாம் வட்டாரத்துக்கு நான். 1993, போட்டியின்றி. 1995, போட்டியின்றி. ஒரு கொப்பியில் கோடு போட்டு அந்தப் புத்தகத்தில் இருப்பதுபோலவே எழுதி வைத்திருக்கிறேன்.

பதவியால் எனக்கு என்ன கிடைத்தது என்று அதிகாரி கேட்டார். சிரித்துவிட்டேன். ஆண்டு விழாவில் முன்வரிசைக் கதிரை. சட்டையில் குத்த ஒரு துணிப்பூ. ஒலிவாங்கியில் 'நாலாம் வட்டாரம்' என்று சொல்லும்போது எழுந்து திரும்பிச் சபையைக் கும்பிடுவது. அவ்வளவுதான். மற்ற முந்நூற்று அறுபத்துநாலு நாளும் தொழிற்சாலையில் எல்லாரும் பத்மநாதனைச் சுருக்கி 'ஏய் பட்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இப்போது ஏழு பேர் விதி. ஒரு வட்டாரத்துக்குப் பொதுக்கூட்டத்தில் ஏழு பேராவது நேரில் வந்து கை உயர்த்த வேண்டும். குறைந்தால் அந்த வட்டாரம் அயல் வட்டாரத்தோடு சேர்க்கப்படும். அந்த விதியை எழுதியவனே நான்தான். எட்டாம் வட்டாரம் என்று ஒன்று இருந்தது, மூன்றே பேர், மூன்று பேரும் வாயாடிகள். அவர்களை ஒழிக்கத்தான் எழுதினேன். ஒரே கூட்டத்தில் எட்டு வட்டாரம் ஏழாகிவிட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை, ஆனால் கணக்கு என்னை நோக்கித்தான் வந்தது. 1993இல் நாங்கள் பதினொரு பேர். 1995இல் ஒன்பது. ஒருத்தர் வன்கூவருக்குப் போனார், இன்னொருத்தர் லண்டனுக்குப் பிள்ளையோடு. 1997இல் சரியாக ஏழு.

ஏழு என்பது எவ்வளவு அழகான எண் என்று அந்தக் கிழமைதான் எனக்குத் தெரிந்தது. படுத்தால் நித்திரை இல்லை, எழும்பினால் களைப்பில்லை. ரெக்ஸ்டேலில் அன்புராசாவுக்கும் அவன் தமக்கை ஜெயமலருக்கும் ஒவ்வொரு நாளும் ரெலிபோன். ஒஷாவாவில் மூன்று சகோதரர்கள், அவர்களுக்கும் அப்படியே. தடிமன், காய்ச்சல் வந்தால் சொல்லுங்கோ, மல்லி அவித்துக்கொண்டு வாறன் என்றேன். என்னோடு ஆறு. ஏழாவது விநாயகமூர்த்தி அண்ணை. வயது எழுபத்திரண்டு, மோர்னிங்சைட்டில் மாடி வீட்டில் இருந்தார், ஏற்கனவே ஒருமுறை நெஞ்சு வருத்தம் வந்த ஆள். அவரை நான்தான் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

அவருடைய மனைவி பாலேஸ்வரி அக்கா ஆறாம் வட்டாரத்தில் பிறந்தவர், அவருக்கு எங்கள் வாக்கு இல்லை. முழங்கால் நோவால் கூட்டத்துக்கும் வரவில்லை. வாசலில் நின்று அவர் சொன்னதை மறைக்க மாட்டேன்.

"இரவு முழுக்க நெஞ்செரிவு எண்டவர். கட்டாயம் வரத்தான் வேணுமோ, தம்பி?"

"கதிரையில இருந்து ஒருக்காக் கை தூக்கினால் போதும், அக்கா. பத்திரமாக் கொண்டுவந்து தாறன்," என்றேன்.

அக்கா சிரித்தார். நாக்குக்கு அடியில் வைக்கிற நெஞ்சு மருந்துக் குளிசைப் போத்தலை அண்ணையின் சட்டைப்பையில் போட்டு, பையை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

வானில் நாங்கள் இருவரும் ஒரே கொண்டாட்டம். வெளியே பனி தூற்றிக்கொண்டிருந்தது, உள்ளே சித்திரை மாதம். நான் அண்ணைக்கு அயர்லாந்துக் கதைகளை எடுத்துவிட்டேன். அபூர்வமாகப் போட்டி வந்த ஒரு வருஷம், காய்ச்சலில் கிடந்த ஒரு செருப்புக் கடைக்காரரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து வாக்களிக்க வைத்தார்களாம். திரும்பிப் போகும் வழியில் மனிதர் முடிந்துவிட்டார். தோற்றவன் வழக்குப் போட்டான். வாக்குச் செல்லும் என்று தீர்ப்பு. புத்தகத்தில் அது அடிக்குறிப்பாக, சின்ன எழுத்தில் இருக்கிறது. நான் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். அதைக் கேட்டு அண்ணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே நெஞ்சைப் பிடித்தார். நான் அதையும் சிரிப்பென்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் தெளிவாக எதையும் சொல்லவில்லை என்று முதல்நாள் அதிகாரியிடம் சொல்லியிருந்தேன். திருத்திக்கொள்கிறேன். தெளிவாகத்தான் சொன்னார்.

"தம்பி, உந்த ஆசுப்பத்திரிப் பக்கம் திருப்பு. எனக்கு ஏலாது."

சந்தியில் நின்றோம். இடப்பக்கம் ஆசுப்பத்திரி, நீலப் பலகை தெரிகிறது, நாலு நிமிஷம். வலப்பக்கம் கூட்டம் நடக்கும் பாடசாலை மண்டபம், எட்டு நிமிஷம். மணி இரண்டு நாற்பத்தெட்டு. மூன்று மணிக்குக் கூட்டம். இங்கே வண்டி ஓடுகிறவர்களுக்குத் தெரியும், இடப்பக்கம் திரும்ப அம்புக்குறி வரும்வரை காத்திருக்க வேண்டும்; வலப்பக்கம் சிவப்பு விளக்கிலேயே திரும்பலாம். நான் சிவப்பிலேயே திரும்பினேன். சட்டப்படி சரியான திருப்பம்.

ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடியே ஒரு குளிசையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். மனிதாபிமானம் இல்லாதவன் என்று யாரும் சொல்லக்கூடாது. "கை தூக்கிப்போட்டு நேரே ஆசுப்பத்திரிதான், அண்ணை" என்று சத்தியமும் பண்ணினேன். அவர் இரண்டு தரம் பாலேஸ்வரி அக்காவின் பெயரைச் சொன்னார். ஆறாம் வட்டாரம், அண்ணை, அவவுக்கு வாக்கில்லை என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மண்டபத்தில் அவரைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். நடந்தார் என்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பின்வரிசையில் சுவரோரம் இருத்தி, ஜக்கெற்றைக் கழுத்துவரை போர்த்திவிட்டேன். முன்வரிசையில் அன்புராசா, ஜெயமலர், ஒஷாவாச் சகோதரர்கள் மூவரும் வரிசையாக இருந்தார்கள். எண்ணினேன். என்னோடு ஏழு. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நானே எல்லாருக்கும் பரிமாறினேன், தெரியாத ஆட்களின் தோளிலும் தட்டினேன்.

கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்கு நான் பொறுப்பல்ல. விளக்கேற்றத் தீப்பெட்டி இல்லை. தலைவர் வரவில்லை. வந்தவர் பூமாலை வரும்வரை மேடையில் ஏறவில்லை. எனக்கு இந்த ஒழுங்கீனம்தான் ஆத்திரத்தைக் கிளப்பும். பதின்மூன்று பேருள்ள பட்டினத்தில் இருநூறு வருஷத்துக்கு முன்பு நேரத்துக்குச் செய்தார்கள். பிறகு இறந்தவர்களுக்காக ஒரு நிமிஷ வணக்கம். சபை முழுக்க எழுந்து நின்றது, அண்ணை மட்டும் இருந்தார். வயதுபோனவர் என்று யாரும் குறை நினைக்கவில்லை.

அப்போதுதான் செயலாளர் அருள்நாயகி பெயர்ப் பட்டியலோடு பின்னுக்கு வந்தார். பாங்கில் வேலைசெய்கிறவர், கண் கூர்மை.

"அண்ணை ஏன் உப்பிடிச் சரிஞ்சிருக்கிறார்?"

"களைப்பு. பேர் கூப்பிடேக்க எழுப்புறன்."

"பாவம், வீட்டை கொண்டுபோய் விடுங்கோ, மாஸ்டர். ஆறு பேர் எண்டாலும் நான் ஏழு எண்டு எழுதிவிடுறன். ஆர் எண்ணப் போகினம்?"

இந்த இடத்தைத்தான் அதிகாரி மூன்று தரம் கேட்டார். ஓம், அப்படித்தான் சொன்னார். ஓம், எனக்கு விளங்கியது. அந்த நிமிஷம் நான் அண்ணையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், வட்டாரமும் தப்பியிருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அது கள்ள வாக்கு. நான் சரித்திரம் படிப்பித்தவன், என் அட்டவணையில் பொய் எழுத முடியாது. "விதி விதிதான், பிள்ளை" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

எனக்கெதிராக யாரும் நின்றார்களா என்பது அடுத்த கேள்வி. இல்லை. போட்டியின்றி என்று எழுதியிருக்கிறேனே.

மூன்று ஐம்பதுக்கு 'நாலாம் வட்டாரம், கை உயர்த்துங்கோ' என்று அருள்நாயகியின் குரல் ஒலிவாங்கியில் கேட்டது. நான் அண்ணையின் பக்கத்துக் கதிரைக்குப் போயிருந்தேன். முன்னுக்கு ஐந்து கை. என் வலக்கை ஆறு. அருள்நாயகி விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். அன்புராசா திரும்பி எங்களைப் பார்த்தான், பார்த்தவன் உடனே முன்னுக்குத் திரும்பிக்கொண்டான். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். ஏழு என்றார் அருள்நாயகி. சபை கைதட்டியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட அப்படி வரவில்லை.

மேடையில் ஏறி இரண்டே நிமிஷம் நன்றி சொன்னேன். துணிப்பூக் குத்தினார்கள். இறங்கி வந்துதான் அருள்நாயகியின் காதில் அம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன், சபையைக் குழப்ப விரும்பவில்லை. நாலு மணிபோல அம்புலன்ஸில் வந்தவர் அண்ணையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, தன் கூட்டாளியிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். அப்போதே இறந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் என்று இப்போது சொல்கிறார்களாம். பின்னேரம் ஆறு மணிக்குப் பாலேஸ்வரி அக்காவின் கதவைத் தட்டியவனும் நான்தான். பூவைக் கழற்ற மறந்துபோனேன். அக்கா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொப்பியில் எழுதிவிட்டேன்: 1997, பத்மநாதன், போட்டியின்றி, வந்தோர் ஏழு. கீழே சின்ன எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: ஏழாவது வாக்காளர் வாக்களித்த பின் காலமானார்.

நேரம் பற்றி டாக்குத்தர்மார் சொல்வதை மறுக்க எனக்குப் படிப்பில்லை. ஹீட்டர் சூட்டில் வந்த உடம்பு, கணக்குப் பிழைக்கலாம். கை குளிர்ந்துதான் இருந்தது, ஆனால் பெப்ரவரி மாதம் யாருடைய கைதான் குளிராது. ஜக்கெற்றைப் பற்றியிருந்த விரல்களை நான் ஒவ்வொன்றாக விரித்துவிட வேண்டியிருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிகாரியின் கடைசிக் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. தனுஷிகா அதை ஆங்கிலத்தில் கவனமாகத் திருத்த வேண்டும். அண்ணையின் கையை நான் தூக்கவில்லை. அவர்தான் வாக்களித்தார், எண்ணி முடியும்வரை நான் தாங்கிக்கொண்டு மட்டும் இருந்தேன்.