நாற்பத்தொரு படங்கள்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார். பரவாயில்லை, சூடாக இருக்கிறது.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆறு நாளும் ஊராருக்குப் பார்வை சோதிப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கண்ணுக்கு விருந்து. எங்கள் பகுதியில் தெருத் தெருவாக நடந்து, அபூர்வமான கார்களைத் தேடிப் படம் எடுப்பேன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. "காரைப் பாக்குற கண்ணால என்னையும் ஒரு தடவ பாருங்களேன்" என்பாள் மனைவி. அவள் எங்கே போய்விடப் போகிறாள்?

அவளுடைய அண்ணனுக்கும் இதே கிறுக்கு. இரண்டே கதவு வைத்த பழைய பச்சை வண்டி ஒன்று என்னைக் கடந்து போனதாகச் சொன்னேன். வீடே கூடியிருக்கும்போது மச்சான் சிரித்தார். "மாப்ள, அந்த மாடல் இந்த ஊர்லயே கிடையாது. மொதல்ல உங்க கண்ண டெஸ்ட் பண்ணுங்க." மாமியாரும் சிரித்தார். அவருக்குக் காருக்கும் லாரிக்குமே வித்தியாசம் தெரியாது.

அந்த ஞாயிறு காலை மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நாலு கட்டிடம் தள்ளி அதே பச்சை வண்டி ஓரமாக வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"தம்பி, நெஞ்ச அடைக்குது. யாரையாவது கூப்பிடுங்க."

"ஒரு நிமிஷம் சார்" என்றேன். மரியாதையில் குறை வைக்கவில்லை.

கதவு திறந்திருந்தால் அந்த வண்டியின் அழகே போய்விடும். காலை மெதுவாகத் தூக்கி உள்ளே வைத்தேன். தலை ஜன்னலில் தெரியாதபடி சீட்டைப் பின்னால் சாய்த்தேன். படத்துக்கும் நல்லது, அவருக்கும் சௌகரியம். கதவைச் சாத்தினேன்.

ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். என்னிடம் இருப்பது ஒரே போன். படம் எடுக்கிற போனில் எப்படிப் பேசுவது? வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. ஈரம் காய்ந்தால் அந்தப் பச்சை போச்சு.

அரை மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்கிறது உங்கள் பிரேதப் பரிசோதனை அறிக்கை. நான் இருபதே நிமிடத்தில் முடித்துவிட்டேன். மீதிப் பத்து நிமிடம் அந்தத் தெருவில் வேறு ஆளே நடக்கவில்லையா?

நாற்பத்தொரு படங்களையும் மச்சானுக்கு அனுப்பினேன். "மன்னிச்சிடுங்க மாப்ள" என்று பதில் வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள யாரோ படுத்திருக்காங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் ஸ்டேஷனில் உங்களிடமும் கொண்டுவந்திருக்கிறார். பொறாமை சார், வேறென்ன?

ஒரே ஒரு திருத்தம். சாத்திய கதவை நான் மறுபடி திறக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு. டாக்டர் ஜன்னல் கண்ணாடியைத் தட்டியதில் வேர்வைக் கைத்தடம் ஒன்று பதிந்துவிட்டது. வெளியிலிருந்து துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. உள்பக்கம். அதனால் திறந்தேன், துடைத்தேன். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல்தான், பிரித்தெடுத்தேன். பிறகு சத்தம் வராமல் சாத்தினேன். திறந்தேன் என்பதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் சார். நாளைக்கு என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.