துணைப்படை வருகிறது

சுவரிலிருந்து உரித்த பூத்தாளில் அச்சு மை நன்றாகவே பிடிக்கும், கேப்டன். உங்கள் வடக்குப் படை எங்கள் ஊரை வளைத்து, காகிதம் தீர்ந்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. முன்பக்கம் ரோஜாக்கள், பின்பக்கம் செய்தி.

லூசிண்டா ஹெய்ல் அப்படித் தாள் கொடுத்தவள். கணவன் தெற்குப் படையில். இரண்டு பெண் குழந்தைகள். உங்கள் பீரங்கிகளுக்குப் பயந்து ஊரே மிசிசிப்பிக் கரையின் மேட்டுச் சரிவில் குகை தோண்டிக் குடியிருந்தது, அவளும் அங்கேதான். முன்னறைச் சுவரைத் தானே உரித்துச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"என் வீட்டுச் சுவரையே அம்மணமாக்கிட்டீங்க எடிட்டர் சார். பதிலுக்கு நல்ல சேதியா போடுங்க" என்று சிரித்தாள்.

போட்டேன். எங்களை மீட்க வரும் தெற்குத் துணைப்படை ஆற்றைக் கடந்துவிட்டது என்று.

அது பின்வாங்கிவிட்டதை அன்று காலையே ஒற்றன் என்னிடம் சொல்லியிருந்தான். பொய்யை எழுது என்று எந்தத் தளபதியும் என்னை வற்புறுத்தவில்லை. கோவேறு கழுதைக் கறி தின்று கிடந்த ஜனங்கள். தெம்பாக எதையாவது படிக்கட்டும் என்று நினைத்தேன். வழி கிடைத்ததும் எல்லோரும் ஊரைவிட்டுப் போய்விட்டால் படிக்கத்தான் யார் இருப்பார்கள்?

மறுநாள் நீங்கள் வெள்ளைக் கொடி காட்டி, பெண்களும் குழந்தைகளும் வெளியேறலாம் என்றீர்கள். லூசிண்டா அச்சகத்துக்கு ஓடி வந்தாள். பெரியவள் காய்ச்சலோடு தோளில் கிடந்தாள்.

"நிஜமாவே வர்றாங்களா சார்? உங்க வாயால சொல்லுங்க. இல்லேன்னா வண்டி ஏறிடுறேன்."

"ஞாயித்துக்கிழமை நம்ம பேண்டு இங்க வாசிக்கும்மா. நீ போயிட்டா, உன் புருஷன் ஹெய்ல் வந்து யாரத் தேடுவான்?"

"உங்க வீட்டம்மா?"

"உள்ள படுத்திருக்கா. அவ எங்கயும் போகல."

"அப்ப சரி" என்று குகைக்குத் திரும்பினாள்.

என் மனைவி முதல் வண்டியிலேயே போயிருந்தாள். அவளுக்கு நெஞ்சு பலவீனம்.

சனிக்கிழமை குகை சரிந்தது. மூவரையும் தோண்டி எடுத்தபோது நானும் நின்றிருந்தேன். சின்னவளின் வாய் நிறைய மண். குண்டு உங்களுடையது, கேள்வி மட்டும் என்னிடம்.

'வெளியேற வழியிருந்தும் ஊரைப் பிரியாத வீரத்தாய்' என்று எழுதினேன். அழுதுகொண்டே படித்தார்கள். நீங்கள் இரண்டாம் முறை கொடி காட்டியபோது ஒரு பெண்கூட வெளியே வரவில்லை. அந்தக் குகைகளில் பிறகு என்ன கிடந்தது என்பதை நீங்களே பார்த்தீர்கள்.

அந்த வீரத்தாய்ச் செய்தியை நானே அச்சுக்கோத்தேன். குழந்தைகளின் பெயர்களில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. பத்திரிகையில் வருவது உண்மையாக இருக்க வேண்டும், கேப்டன்.