நாலாவது ஆளு

வாணாம்பா, அத்த காட்டாத. பெருசா கீது, பளபளன்னு கீது, நானும் ஒத்துக்கறேன். மீனு நீந்துற படத்த போட்டு காட்டுனா எந்த டிவியும் நல்லாதான் தெரியும். நான் கேட்டது வேற. பட்டன அமுக்குனா எப்ப வருது, அத்த சொல்லு. எங்க வூட்டுக்காரரு எதுத்த கடைக்கு டீ குடிக்க போயிருக்காரு. அவரு வரதுக்குள்ள முடிச்சிடணும்.

ரிமோட்டு பட்டன் இல்லப்பா. கேம் பட்டன். தோ இந்த ரேஷன் பையில கீது பாரு. அரிசி இல்ல, கேம் பொட்டி. ஒயரு, கண்ட்ரோலரு எல்லாம் சுத்தி எடுத்தாந்துகீறேன். துணி எடுக்க போனா மேல வெச்சி பாக்கறோம் இல்ல, அப்பிடி டிவியும் ஆடி பாத்துதான் வாங்குவேன். சொருவு.

யாரு ஆடறதா? நாந்தான். ஏம்பா சிரிக்கிற? உன் சட்டையில நாகேஷ்னு போட்டுகீது. பங்காருபேட்டையா? அப்பிடின்னா நம்ம பக்கத்து புள்ளதான். சிரிச்சிக்கோ, ஆனா கைய வேலைல வெய்யி.

இப்ப வூட்ல கீறது எம்மவளோட பழைய டிவி. யசோதரா, மைசூர்ல நர்சு. ஆஸ்டல காலி பண்ணசொல்ல தூக்கினு வந்து போட்டா. சீரியலு பாக்க அது போதும். ஆட ஆவாது. நான் இப்ப அமுக்குனா அது யோசிச்சி யோசிச்சி சுடுது. அதுக்குள்ள எதிரி வந்து நம்மள முடிச்சிட்டு பூட்றான். நெட்டுல நாலு பேரு ஒரு டீமுப்பா. மூணு பேரு முன்னால போவாங்க, நான் பின்னால காவலு. போன ஞாயித்துக்கெழம எதிரி மாடில ஏறி வரத நான் பாத்தேன். பாத்து அமுக்குனேன். அமுக்கிகினே கீறேன், துப்பாக்கி கம்முனு கீது. டீம் தலைவன் செத்துட்டான். டீம்ல ரூபேஷ்னு ஒரு பையன் கத்துறான், இந்த ஊமைய தூக்கி கடாசிட்டு வேற ஆள போடலாம்னு. தலைவன் தான் சொன்னான், அடுத்த ஞாயித்துக்கெழம ஒரே ஒரு சான்சு குடுக்கலாம், அப்பவும் இப்பிடின்னா மாத்திக்கலாம்னு. அந்த ஞாயித்துக்கெழம இன்னிக்கிதான். சாயங்காலம் அவரு சீட்டு ஆட கிளப்புக்கு போனதும் ஒக்காரணும்.

வேற டீமு பாத்துக்கறதா? நல்லா சொன்ன போ. எனக்கு வேற டீமு வாணாம்.

வந்துச்சா? நவுரு, நான் பாக்கறேன். ஊகும். இதுவும் லேட்டு. இல்லப்பா, உன் கண்ணுக்கு தெரியாது, என் வெரலுக்கு தெரியுது. மெனுவுல கேம் மோடுன்னு ஒன்னு இருக்கும், எம்மவ சொன்னா, அத்த போடு. போட்டியா? ம். இப்ப பரவால்ல, ஆனாலும் இழுக்குது. இத்தினி வெல சொல்ற டிவி இழுக்கலாமா? அந்த மூலையில ஒன்னு கீதே, சின்னது, அத்த போட்டு காட்டு. சின்னதா இருந்தா இன்னா, எங்க வூடு தங்க மைன்ஸு கோட்ரஸுப்பா. கால நீட்டுனா டிவி மேல இடிக்கும்.

செவுத்துல மாட்ட வாணாம், ஸ்டாண்டு குடு. ஃப்ரீயா இருந்தாலும் வாணாம். எங்க லைன்ல தலைக்கு மேல யாரும் எதையும் மாட்ட மாட்டாங்க. அந்த காலத்துல கீழ பாற வெடிச்சா மேல வூடே குலுங்கும். சாமி படம், கடியாரம் எல்லாம் தூங்கறவன் மூஞ்சி மேல வந்து வுழும். மைன்ஸு மூடியும் அந்த பயம் போவல.

சீக்கிரம்பா. அவரு டீ கிளாஸ வெச்சிட்டாரா பாரு. பேப்பர் படிக்கிறாரா? செரி.

அவருக்கு தெரியாது. தெரிஞ்சா இந்த பொட்டியும் தெருவுல கெடக்கும். இது என் மவன் பாரியோடது. பெங்களூரு கம்பெனில வேல செஞ்சிகினு இருந்தான். விடியகாலைல மாரிகுப்பத்துல ரயிலு ஏறுனா ராத்திரிதான் வருவான். ஒரு நாளு வேல பூட்ச்சி. வூட்டோட இருந்தான், பகலெல்லாம் டிவி முன்னால இத்த ஆடிகினு இருந்தான். அவரு மைன்ஸு மூடுனப்புறம் வாச்மேனா நின்னு நின்னு காலு வீங்குன மனுசன். அவருக்கு பொறுக்கல. ஒரு நாளு சோத்துக்கு வழி தேடுடான்னு டிவிய அப்பிடியே தூக்கி தெருவுல போட்டாரு. எதுத்த வூட்டு தங்கம்மா, தண்ணி புடிக்க வந்தவங்க, எல்லாரும் பாத்தாங்க. பாரி சட்டைய மாட்டிகினு சாயங்கால ரயிலுக்கு போனவன் தான். நம்பரையும் மாத்திட்டான். தங்கச்சி மெயிலு அனுப்புனா அதுக்கும் பதிலு இல்ல. இந்த பொட்டிய மட்டும் கட்டிலுக்கு அடியில வுட்டுட்டு பூட்டான்.

நீ எதுக்கு மூஞ்சிய அப்பிடி வெச்சிக்கற? இப்ப அவரே தான் டிவி வாங்கலாம்னு கெளம்பி வந்தாரு. நியூசு பாக்கணுமாம், கபடி பாக்கணுமாம். பெரிய டிவியா, சத்தம் அதிகமா வர டிவியா வோணுமாம். நேத்து திடீர்னு சொல்றாரு, பையன் வந்தா பாக்க ஒரு டிவி வாணாமான்னு. நான் அடுப்பாண்ட திரும்பிக்கினேன். எனக்கு அழுக வந்திடுச்சி.

அதனால நீ இன்னா பண்ற, அவரு வந்தா இந்த சின்னதுதான் கண்ணுக்கு நல்லதுன்னு சொல்லு. நியூசுல எழுத்து ஓடுது இல்ல, அது இதுல இழுக்காம ஓடும்னு சொல்லு. பொய்யி இல்லப்பா, நெசந்தானே. வேகமான டிவின்னா எழுத்துக்கும் வேகந்தானே.

ஆங், இரு. இது. இது நல்லா கீது. அமுக்குனதும் சுடுது. நீ பாத்தியா? இன்னொரு தாட்டி. ஆமா. அய்யா, இதுதான்பா. இத்தயே போடு. ஸ்டாக் இல்ல, நாளைக்கி அனுப்பறேன்னு மட்டும் சொல்லாத. டிஸ்ப்ளேல கீறதையே குடு. கீறல் இருந்தா இருக்கட்டும். ஆட்டோவுல மடியில வெச்சிகினு போறேன்.

இன்னாது, இதுவும் ஃப்ரீயா? காதுல மாட்டற மைக்கா? அது வாணாம்பா. இல்லப்பா, நான் பேச மாட்டேன். கேக்க மட்டும் கேப்பேன். அவங்களுக்கு சேதி சொல்றதுக்கு கேம்ல ஒரு சிக்னலு பட்டன் கீது, டிங்குனு அடிக்கும். எங்கப்பா நந்திதுர்க் மைன்ஸு ஷாஃப்டுல, ஆளுங்க எறங்கற கேஜு கூண்ட ஏத்தி எறக்க பெல்லு அடிச்சவரு. ஒன்னு அடிச்சா நில்லு, ரெண்டு அடிச்சா எறக்கு, மூணு அடிச்சா ஆளு ஏறுது பாத்து. எனக்கு கை தானா அப்பிடித்தான் போவுது. அந்த மூணு பேருக்கும் அதுவே பழகிப்போச்சி. அதுலயே மாட்டிக்க பாத்தேன். ஒரு நாளு தலைவன் ஆட்டத்த நிறுத்திட்டு கேக்கறான், டேய் யார்ரா நீ, எங்க ஊரு மைன்ஸு பெல்லு மாதிரியே அடிக்கிற, கேஜிஎஃப்பான்னு. பிளக்க புடுங்கிட்டேன்.

சொந்த ஊருக்காரன்னா சந்தோசமா சொல்லவேண்டியதுதானேன்னு கேக்கற. எப்பிடி சொல்லுவேன்? பேசுனா என் கொரலு தெரிஞ்சிடும்பா. தெரிஞ்சா நம்பர மாத்தினாப்புல இதுலருந்தும் பூடுவான். எம்மவதான் அவன் ஆடற பேர கண்டுபுடிச்சி, எனக்கு ஆம்பள பேரு ஒன்னு வெச்சி உள்ள சேத்து வுட்டா. அந்த தலைவன் என் மவன் பாரிதான். என்னிய மச்சான்னு கூப்புடறான். வியாழக்கெழம கேட்டான், சாப்ட்டியா மச்சான்னு. நான் இன்னா பண்ணுவேன், பட்டன ஒரு தாட்டி அமுக்குனேன்.

தோ, அவரு ரோட்ட தாண்டறாரு. பொட்டிய கழட்டி பையில போடுப்பா. நியூஸ் சேனல போடு.